எங்கும் போகாத அம்பு

இன்று காலை மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு வந்த டவுன் பஸ்ஸில் ஓர் அம்மா புளி மூட்டையை என் காலடியில் தள்ளிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். கொட்டை எடுக்காத புதுப்புளி. மூட்டையின் வாயைச் சரியாகக் கட்டவில்லை. உடைந்த ஓடுகள் என் செருப்பில் ஒட்டிக்கொண்டன. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வாயில் எச்சில் ஊறியது, கண்ணும் எரிந்தது.

கண்டக்டர் வந்து, "ஏம்மா, மூட்டைக்கு லக்கேஜ் போடணும்" என்றார்.

"பொம்பளைக்கு டிக்கெட் இல்லைன்னு கவருமென்ட்டே சொல்லிருச்சு. புளி என்னா ஆம்பளையா, டிக்கெட் எடுக்க?"

பஸ் முழுக்கச் சிரித்தது. கண்டக்டரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே லக்கேஜ் போட்டார். எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அப்படியே உன் வாய்.

உனக்கு ஒரு சேதி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இன்று நம் காலேஜில், நாம் உட்கார்ந்திருந்த அதே மேற்கு ஓரத்து அறையில், முதல் வருடப் பிள்ளைகளுக்கு நான் பேரியல் பொருளாதாரம் எடுத்தேன். பதவிக்குக் கௌரவ விரிவுரையாளர் என்று பெயர். கௌரவத்தைத் தினமும் கொடுத்துவிடுகிறார்கள், சம்பளத்துக்குத்தான் காத்திருக்க வேண்டியிருக்கிறது. நமக்கு அந்தப் பாடம் எடுத்த சார்தான் இப்போது துறைத் தலைவர். முடி கொட்டிவிட்டது, குரல் அதே குரல். "முதல் கிளாஸ்ல பாடத்துக்குள்ள போயிடாத. இந்தப் பேப்பர்ல என்னென்ன வரும், எப்படி இருக்கும்னு மட்டும் சொல்லு. பயந்து ஓடிறப் போறாங்க" என்று சொல்லி அனுப்பினார்.

பயந்து ஓடுவது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

நாம் முதல் வருடம் படித்தபோது, பொங்கல் விடுமுறை முடிந்து வந்த முதல் நாள். சார் கரும்பலகையில் 'பேரியல் பொருளாதாரம்' என்று எழுதிவிட்டுத் திரும்பினார். நீ பிளஸ் டூவில் நர்சிங் படித்துவிட்டு, கிடைத்த சீட்டு இதுதான் என்று பொருளாதாரத்துக்கு வந்தவள். அந்த வார்த்தையை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாய். எழுந்து நின்றாய்.

"சார், இது பேரை வெச்சுப் படிக்கிற பாடமுங்களா?"

பின்பெஞ்ச் பையன்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். சாருக்கும் சிரிப்பு வந்தது. "பேரு இல்லம்மா. பேர்னா பெரிய. பேருந்துன்னு சொல்றோம்ல? பெரிய வண்டி. அது மாதிரி இது பெரிய அளவுல பாக்கற பொருளாதாரம்."

"பேருந்துலயும் பேருதானுங்க சார் ஏறுது. அம்பது பேரு, அறுபது பேரு. யாரும் ஏறலைன்னா அது வெறும் வண்டிதானுங்களே?"

இந்த முறை பையன்கள் வேறு மாதிரி சிரித்தார்கள். சார் சாக்பீஸை மேசைமேல் வைத்தார். "இந்தப் பாடத்துல ஆளே வரமாட்டாங்க. மொத்தம்தான் வரும். உக்காரு."

நீ உட்கார்ந்தாய். உட்கார்ந்ததும் என் காதில், "பக்கத்து வூட்டுத் தெலுங்குக்காரங்களுக்கும் பேருன்னா பேருதான்டி. இந்தாளுக்கு மட்டும் எப்படிப் பெருசாச்சு?" என்றாய். அன்றிலிருந்து பையன்கள் உனக்கு 'பேரு' என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். நீ வகுப்புக்குள் வந்தால், "பேரு வந்துருச்சு, அட்டெண்டன்ஸ் எடுங்க சார்" என்பார்கள். வேறு யாராவது என்றால் கூனிக் குறுகியிருப்பார்கள். நீ, "ஆமா, எனக்காவது பேரு இருக்குது. உனக்கு ரோல் நம்பர்தான்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்காருவாய்.

அந்த வாய்க்குப் பின்னால் என்ன பயம் இருந்தது என்பது எனக்கு மட்டும் தெரியும். பஸ் ஸ்டாண்டில், பாப்பாரப்பட்டி பஸ்ஸுக்கு நீ நிற்கும் இடத்தில் வைத்து ஒருநாள் சொன்னாய். உன் அப்பா போர்வெல் லாரியோடு ஆந்திரா பக்கம் போனால் வருடத்துக்கு இரண்டு முறைதான் வீடு வருவார். வீட்டில் முடிவெடுப்பவர் உன் மாமா. பாப்பாரப்பட்டியில் செல்போன் கடை வைத்திருந்தார். கடை ஒரு பக்கம், ஒசூர் கம்பெனிக்குப் பெண் பிள்ளைகளைச் சேர்த்துவிடுவது இன்னொரு பக்கம். ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கமிஷன் உண்டு. முதல் பருவத்தில் உனக்கு ஒரு அரியர் விழுந்துவிட்டது.

"இன்னொரு அரியர் விழுந்துதுன்னா அந்த வாரமே கம்பெனி வேன்ல ஏறிக்கணுமாம். மாமா சொல்லிட்டாரு. அம்மாவும் சரின்னுட்டாங்க."

"உங்க மாமா அக்கா மகளையும் கமிஷனுக்கு விப்பாரா?"

"விக்கறாரா? பொழப்பு காட்றாராம். கம்பெனில சோறு போடறான், ஹாஸ்டல் குடுக்கறான், உன் பேப்பர் என்னா குடுக்குதுன்னு கேக்கறாரு. எனக்குப் பதில் தெரியலடி."

இன்றைக்கும் அந்தக் கேள்விக்கு மொத்தமாக ஒரு பதில் என்னிடம் இல்லை. நம் மாவட்டத்தில் படித்த பெண்ணுக்கும் படிக்காத பெண்ணுக்கும் விடிகாலையில் ஒரே வேன்தான் வருகிறது. அதை வளர்ச்சி என்று மேடையில் பேசுகிறவர்கள் யாரும் தங்கள் மகளை அதில் ஏற்றுவதில்லை.

ஆக, உனக்கு அந்தப் பாடம் வேனுக்கும் காலேஜுக்கும் நடுவில் நின்ற ஒரே கதவு. படித்தாய். எப்படிப் படித்தாய் என்பதுதான் விசேஷம். ஆளே வராத பாடத்துக்குள் நீ ஒவ்வொரு ஆளாகக் கொண்டுவந்து உட்காரவைத்தாய். பணவீக்கம் வந்ததும், "காலு வீங்குனா கட்டுப் போடுவாங்க, பணம் வீங்குனா வட்டியைப் போடுவாங்க" என்றாய். நான் பரீட்சைக்கு அதை வைத்துத்தான் நினைவு வைத்தேன். வேலை இல்லாதவர் என்றால் வேலை தேடுகிறவராக இருக்க வேண்டும், தேடுவதை நிறுத்தியவர் அந்தக் கணக்கில் வரமாட்டார் என்று சார் சொன்னபோது, இன்ஜினியரிங் முடித்துவிட்டு வீட்டில் படுத்திருந்த என் அண்ணனை நினைத்துக்கொண்டு எனக்கு உடம்பு எரிந்தது. நீ மெதுவாக, "அப்ப எல்லாரும் பாயை விரிச்சுப் படுத்துட்டா வேலையில்லாத் திண்டாட்டமே ஒழிஞ்சிரும், இல்லியா?" என்றாய். 'மற்றவை மாறாதிருக்கும்போது' என்று ஒவ்வொரு விதிக்கு முன்னாலும் வரும் அல்லவா, அதைப் படிக்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வாய். "மத்ததெல்லாம் மாறாம கெடந்தா நான் ஏன்டி காலேஜுக்கு வர்றேன்?"

பெருக்கி பாடம் வந்த அன்று வகுப்பே உருண்டது. முதலில் செலவாகும் பணம் கை மாறி மாறிப் பல மடங்கு வருமானமாகப் பெருகுவதைப் பெருக்கி என்கிறோம் என்று சார் விளக்கினார். ஒகேனக்கல்லில் சுற்றுலாக்காரர் பரிசலுக்குக் கொடுக்கும் காசு, பரிசல்காரர் கையிலிருந்து மீன் வறுக்கும் கடைக்கும், அங்கிருந்து எண்ணெய்க் கடைக்கும் போகிறது என்று நல்ல உதாரணமாகத்தான் சொன்னார். நீ எழுந்தாய்.

"எங்கம்மா தினம் காலைல வாசல் பெருக்குறாங்க, வூடு பெருக்குறாங்க. அது நாட்டு வருமானத்துல வருதுங்களா சார்?"

"வராது. அதுக்குச் சம்பளம் இல்லை. சந்தைக்கு வராத வேலை கணக்குல வராது."

"அதே எங்கம்மா பெங்களூரு போயி அடுத்தவங்க வூட்டைப் பெருக்குனா?"

"சம்பளம் வாங்குனா வரும்."

"அப்ப எங்க வூட்டை அவங்க பெருக்கி, அவங்க வூட்டை எங்கம்மா பெருக்கி, ரெண்டு பேரும் காசை மாத்திக்கிட்டா நாடு முன்னேறிரும். வெளக்கமாறு மட்டும் தேயும்."

சாரே வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு, "அடுத்த வாரம் செமினார் உனக்குத்தான். நாட்டு வருமானத்தின் வட்ட ஓட்டம். வாய்க்கு அளவா படிச்சுக்கிட்டு வா" என்றார்.

அந்தச் செமினாரை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். பாடப்புத்தகத்தில் இரண்டு பெட்டிகள் இருக்கும். ஒன்று குடும்பங்கள், இன்னொன்று நிறுவனங்கள். குடும்பத்திலிருந்து உழைப்பு நிறுவனத்துக்குப் போகும், அங்கிருந்து கூலி திரும்பி வரும், கூலி பொருள் வாங்கப் போகும். அம்புகள் சுற்றிச் சுற்றி வரும். நீ அதை ஒரு தவறும் இல்லாமல் வரைந்தாய். விளக்கமும் கச்சிதம். எழுதிக்கொண்டிருந்த பையன்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அப்புறம் குடும்பம் என்ற பெட்டிக்குள் உன் அம்மா பேரை எழுதினாய். புளி மண்டி என்று இன்னொரு பெட்டியில் எழுதினாய்.

"எங்கம்மா வூட்டுல உக்காந்து மண்டிக்குப் புளி தட்டித் தர்றாங்க. ஓடு நீக்கணும், நார் உரிக்கணும், கொட்டை எடுக்கணும். இந்த அம்பு மண்டிக்குப் போவுது. கூலி இந்த அம்புல திரும்பி வருது. கொஞ்சமா வருது, ஆனா வருது. இது கணக்குல உண்டு."

பிறகு அந்தப் பெட்டியிலிருந்தே இன்னொரு அம்பு போட்டாய். அது நீளமாகக் கரும்பலகையின் ஓரம்வரை போய் வெறும் இடத்தில் நின்றது.

"சோறாக்கறாங்க, வூடு பெருக்கறாங்க, படுத்த படுக்கையா கெடக்கற எங்க தாத்தாவுக்கு எல்லாம் பாக்கறாங்க. இந்த அம்பு எங்கயும் போவல சார். கணக்குல வராதுன்னு நீங்க சொன்னீங்க, நானும் வராதுன்னு எழுதிட்டேன். ஆனா அம்பு போட்டுட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேரின் அம்மாவும் அதே மாதிரி ஓர் அம்பு. எனக்கு எழுந்து நின்று, இவள் என் சிநேகிதி என்று கத்த வேண்டும் போலிருந்தது.

சார் மார்க் நோட்டைப் பிரித்தார். "இன்டர்னல் மார்க் முழுசா போட்டுக்கறேன். ஆனா பரீட்சைல இந்த அம்பைப் போடாத. பேப்பர் திருத்தறவருக்கு உங்கம்மாவைத் தெரியாது. புக்குல இருக்கறதை எழுது, பாஸ் பண்ணு."

"போட மாட்டேன் சார். எனக்குப் பாஸ் ஆவணும்."

பரீட்சை முடிந்து நீ வெளியே வந்த முகமே சரியில்லை. வேப்பமரத்தடியில் வைத்து, "போட்டுட்டேன்டி" என்றாய்.

"எதை?"

"அம்பை. பேரியல் பொருளாதாரத்தின் குறைபாடுகளை விளக்குகன்னு கேட்டுட்டான். வட்ட ஓட்டம் வரைஞ்சேன், குறைபாடெல்லாம் புக்குல இருக்கற மாதிரியே எழுதுனேன். கடைசில கை நிக்கலை. அம்மா பேரோட போட்டுட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் உன்னை அடிக்காமல் விட்டது பெரிது. "உங்க மாமா வேன்ல ஏத்தறப்ப அந்த அம்பு வந்து கையப் புடிச்சுத் தடுக்குமா? கேனச்சி! கேட்டதுக்குப் பதில் எழுதிட்டு வர்றதுக்கு என்னா கேடு?"

"கேட்டதுக்குத்தான்டி எழுதுனேன். குறைபாடு என்னான்னு கேட்டான். குறைபாடு அதுதான்."

அந்தக் கோடை லீவு முழுக்க உனக்கு ஒரே வேலை, புளி தட்டுவது. கம்பெனியில் கொடுப்பதற்காக மாமா உன் ஆதார் அட்டை நகலை வாங்கி வைத்துக்கொண்டார். ரிசல்ட் வந்த அன்று நானும் பாப்பாரப்பட்டிக்கு வந்திருந்தேன். உன் மாமா கடையில்தான் பார்த்தோம். போனில் ரிசல்ட் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. உன் அம்மா மண்டிக்குப் புளி கொடுத்துவிட்டு நேராக அங்கே வந்திருந்தார். கையெல்லாம் புளிப் பிசுக்கு. அந்தக் கையோடு போனைத் தொடக்கூடாது என்று இரண்டு கையையும் விரித்துத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்.

பக்கம் திறந்தது. நீ பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். பழைய அரியரும் போய்விட்டது. எல்லாமே பாஸ். பேரியலில் நம் வகுப்பிலேயே உனக்குத்தான் அதிக மார்க். எனக்கும் மேலே.

"என்னா போட்டிருக்குது?" என்றார் மாமா.

"பாஸுங்க. எல்லாத்துலயும் பாஸ்."

"அந்தப் பேரு பாடத்துலயுமா?"

"அதுலதானுங்க முதல் மார்க்."

மாமா போனைப் பிடுங்கி அவரே பார்த்தார். பிறகு மேசை டிராயரைத் திறந்து, உன் ஆதார் நகலை எடுத்து உன்னிடம் நீட்டினார். உன் அம்மாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் வரும். "எங்க, எம்புள்ள பேரைக் காட்டு" என்றார். நான் போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். புளிக்கையை மேலே தூக்கியபடியே, வாயை அசைத்து அசைத்து உன் பேரை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். ரோட்டில் போகிறவர்கள், என்ன இந்தம்மா கையைத் தூக்கிக்கொண்டு சாமி கும்பிடுகிறதா என்று பார்த்தார்கள்.

யாரோ முகம் தெரியாத ஒருவர் அந்த அம்பைப் பார்த்து மார்க் போட்டிருக்கிறார். அல்லது பார்க்காமலே புரட்டிவிட்டுப் போட்டிருக்கிறார். நமக்குத் தெரியாது. நீ முதலாவதைத்தான் நம்பினாய்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் உனக்கு ஒரு அரியரும் இல்லை. மூன்றாம் வருடம் முடித்து, எம்.ஏ.வுக்குச் சேலத்தில் இடமும் வாங்கினாய். வகுப்பு தொடங்க இருந்த இரண்டு மாத இடைவெளியில்தான் நீயாகவே கம்பெனி வேனில் ஏறினாய். சேலத்து ஹாஸ்டல் செலவுக்கு வேண்டும் என்றாய். நான் கோபப்பட்டபோது, "ஃபெயிலாகி ஏர்றதும் பாஸாகி ஏர்றதும் ஒண்ணாடி? இப்ப எப்ப எறங்கணும்னு நான்தான் சொல்லுவேன்" என்றாய்.

அதை உன்னைச் சொல்ல விடவில்லை. டிரைவருக்கு இரட்டை ஷிப்டு. தூங்கிவிட்டான். அவனையும் நான் திட்டமாட்டேன், தூங்கவிடாமல் ஓட்டச் சொன்னவர்களைத்தான் திட்டுவேன். மறுநாள் பேப்பரில் ஓரமாக ஒரு பெட்டிச் செய்தி, வேன் கவிழ்ந்து மூன்று பேர் பலி. அவ்வளவுதான். மூன்று பேர் என்று இருந்தது, உன் பேர் உட்பட ஒரு பேரும் இல்லை. அதை வாசித்தபோது உன் குரல்தான் எனக்குக் கேட்டது: யாரு பேருங்க சார்? அழுவதற்கு முன்னால் எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. அதை வைத்துத்தான் எம்.ஏ. முடித்தேன், தகுதித் தேர்வு எழுதினேன், இந்த அறைக்குத் திரும்பி வந்தேன்.

இன்று அந்தப் பிள்ளைகளிடம் உள்ளதைச் சொன்னேன். இந்தப் பாடத்தில் நாட்டு வருமானம் வரும், வேலையின்மை வரும், பணவீக்கம், வங்கி, பட்ஜெட், ஏற்றுமதி எல்லாம் வரும். கோடுகள் வெட்டிக்கொள்ளும், அதைப் பார்த்து மிரள வேண்டாம். வரையறைகளை ஒழுங்காகப் படியுங்கள், அதில் சோம்பேறித்தனம் வேண்டாம். கணக்கு போடத் தெரியாதவர்களால் கணக்கில் விட்டுப்போனதைக் கண்டுபிடிக்க முடியாது. டிவியில் ஒருவர் வளர்ச்சி இத்தனை சதவீதம் என்று பேசினால், அதில் எது சேர்ந்தது, எது சேரவில்லை என்று கேட்கும் தைரியம் இந்தப் பேப்பர் முடியும்போது உங்களுக்கு வர வேண்டும். மொத்தம் என்று எங்கே பார்த்தாலும், இதில் யார் பேர் இருக்கிறது என்று கேளுங்கள். இதெல்லாம் உன்னுடையது. நான் வாங்கி வைத்திருக்கிறேன், செலவு செய்கிறேன், குறைய மாட்டேன் என்கிறது.

"பாஸ் ஆயிருவமுங்களா மேடம்?" என்று ஒருத்தி கேட்டாள். அவள் முகத்தில் இருந்த பயம் எனக்குத் தெரிந்த பயம். அவள் ஊரிலும் வேன் நிற்கிறது.

"ஆவோம். நான் இருக்கறேன்ல" என்றேன்.

பிறகு சாக்பீஸை எடுத்து இரண்டு பெட்டிகளையும் வரைந்தேன். குடும்பம் என்ற பெட்டிக்குள் உன் அம்மா பேரை எழுதினேன், அதற்குப் பக்கத்தில் உன் பேரையும். சுற்றி வரும் அம்புகளைப் போட்டேன். கடைசியாக, பலகையின் ஓரம்வரை போகும் அந்த நீள அம்பையும் போட்டேன். வாசலில் சார் வந்து நின்றிருந்தார், அதைப் பார்த்தார், அழிக்கச் சொல்லாமல் போய்விட்டார்.

அதே பெண்தான் மறுபடி கையைத் தூக்கினாள். "மேடம், மத்த அம்பெல்லாம் சுத்தி வருது. இது மட்டும் எங்க போவுதுங்க?"

எங்கயும் போவல என்றுதான் நீ அன்று சொன்னாய். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவளுக்குப் பின்னால், காலையில் அம்மா ஆக்கிய சோற்றைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் பார்த்தேன்.

"இங்கதான்மா வந்துக்கிட்டு இருந்துச்சு" என்றேன்.